ஐந்து புள்ளிகளும் ஒரு கோடும்

இரு புள்ளிகள் தரப்படின் அவற்றினூடே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்பது பள்ளி மாணவனுக்கும் எளிது. குத்து வேறுபாட்டைக் கிடை வேறுபாட்டால் வகுத்தாற் படித்திறன் கிடைக்கும். ஒரு புள்ளியைப் பிரதியிட்டால் வெட்டுத்துண்டும் வெளிப்படும். 1637ஆம் ஆண்டிலே தெக்காட்டு வெளியிட்ட கேத்திர கணித நூலும், அக்காலத்திற் பெர்மா எழுதிய ஏடும் கோட்டையும் சமன்பாட்டையும் இணைத்து வைத்தன. ஆனால், புள்ளிகள் பலவாகி ஒரே கோட்டில் நில்லாவிடின் யாது செய்வது? இவ்வினா எழுந்த வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

பூமி துருவங்களிலே தட்டையானது என்றார் நியூற்றன். நீண்டது என்றனர் பிரான்சிலிருந்த கசீனி குடும்பத்தார். உண்மையறிய வெவ்வேறு அகலக்கோடுகளிலே ஒரு பாகை வில்லின் நீளம் அளக்கப்பட்டது. அகலக்கோட்டுச் சைனின் வர்க்கத்தைக் கிடையாகவும் வில்லின் நீளத்தைக் குத்தாகவும் குறித்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமைதல் வேண்டும். படித்திறன் நேராயின் பூமி தட்டை; மறையாயின் நீட்சி.

றகூசா நகரிற் பிறந்த பொஸ்கோவிச் என்னும் இயேசு சபைத் துறவி ஐந்து அளவைகளை எடுத்துக்கொண்டார். கீற்றோவில் கிடை 0, நீளம் 56,751 துவாசு. லாப்லாந்தில் கிடை 0.8386, நீளம் 57,422. வேறுபாடு 671, அதனை 0.8386ஆல் வகுக்கப் படித்திறன் 800. எனவே பூமி தட்டை. ஆயின் நன்னம்பிக்கை முனையையும் (0.2987, 57,037) றோமையும் (0.4648; 56,979) இணைத்தாலோ படித்திறன் மறை 349! பூமி நீண்டுவிடுகின்றது. ஐந்து புள்ளிகள் பத்துக் கோடுகளைத் தந்தன. வேண்டிய இரண்டைப் பொறுக்குவோன் வேண்டிய முடிவைப் பெறலாம்.

பொஸ்கோவிச் பொறுக்கவில்லை. 1757இல் இரு நிபந்தனைகள் விதித்தார்: கோட்டின் மேலும் கீழுமுள்ள வழுக்களின் கூட்டுத்தொகைகள் சமனாதல் வேண்டும், குறி நோக்காது கூட்டிய மொத்த வழு மிகச் சிறிதாதல் வேண்டும். அம்முறைப்படி படித்திறன் ஏறத்தாழ 692, பூமி தட்டையே. 1805இல் லெசாந்தர் வெளியிட்ட இழிவு வர்க்க முறைக்கு இது முன்னோடியாயிற்று.

இதில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. றோம் அளவை, 1750 முதல் 1752 வரை மெயர் என்பாருடன் பொஸ்கோவிச் தாமே அலைந்து அளந்தது. அவர் முறை தந்த கோட்டிலிருந்து மிகத் தொலைவில், 94 துவாசு கீழே நிற்பது அந்தப் புள்ளியே. தம் உழைப்பென்று அதற்கு அவர் தனிச்சலுகை வழங்கினாரல்லர். விவாத மேடைகளில் நமக்கிசைந்த இரு சான்றுகளை மட்டும் ஏந்திச் செல்லும் நாம், மூன்றாவது புள்ளியையும் குறித்துப் பார்க்கப் பழகுவோமாக.