பானை புளித்த கதை

என் தாய்மாமன் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பொன்றில் ஊறல் போட்டு வந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 1960களின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி மாணவன். மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் 1948இலேயே வந்துவிட்டது. மறு வருஷம் பிரதமராகி 1952 வரை அதை நடத்தியவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுத்தான் மாமா சாயங்காலம் தோப்புக்குப் போவார். இதில் முரண் இருப்பதாக அவருக்குப் பட்டதில்லை. எனக்கும் அப்போது படவில்லை.

ஊறல் என்பது வெல்லம், வேலம்பட்டை, தண்ணீர். பட்டைச் சாராயம் என்ற பெயரே அந்தப் பட்டையால் வந்தது. இவற்றை மண்பானையில் போட்டு, வாயைக் கட்டி, மண்ணில் புதைத்துவிட வேண்டும். ஈஸ்ட் என்ற சொல்லை மாமா கேள்விப்பட்டதில்லை. பழைய பானையின் அடியில் தங்கும் மண்டியைப் புதுப் பானையில் ஒரு கை ஊற்றுவார், அவ்வளவுதான். பனையேறிகளும் இதைத்தான் செய்தார்கள். கழுவாத கலயத்தில் ஒட்டியிருந்த நேற்றைய கள் இன்றைய கள்ளை நுரைக்க வைக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அந்த நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது, இறங்குவது பதநீர். ஒரு பூச்சு சுண்ணாம்பு, இந்தப் பக்கம் பதநீர், அந்தப் பக்கம் குற்றம். சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோய் வெயிலும் ஏறிவிட்டால், பதநீர் தானாகவே எல்லையைத் தாண்டிவிடும். 1987இலிருந்து கள்ளுக்குத் தடை என்று இருக்கிற இன்றைய தமிழ்நாட்டிலும் இந்த விசித்திரம் மாறவில்லை.

ஒரு மழைக்காலத்தில் போலீஸ் வந்து மாமாவின் பானைகளை உடைத்துவிட்டுப் போனது. பானையோடு மண்டியும் போயிற்று. யாரிடமோ கள்ளின் அடிமண்டி வாங்கி வந்து புது ஊறல் போட்டார். அந்தக் கள் ஏற்கனவே காடியாகத் திரும்பியிருந்தது. கட்டும் சரியில்லை, காற்றுப் புகுந்தது. காற்றும் ஆல்கஹாலும் சேர்ந்து கிடைத்தால் அசெட்டிக் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஆறாம் நாள் திறந்தபோது தோப்பே புளித்தது. பிடிவாதமாகக் காய்ச்சியும் பார்த்தார். காடி ஆவியோடு ஏறி வந்து சாராயத்திலும் உட்கார்ந்துகொண்டது. குடித்த இருவருக்கு வயிறு எரிந்தது. பாட்டி மிச்சத்தை எருக்குழியில் கொட்டச் சொன்னாள். இரண்டு சிப்பம் வெல்லம் நஷ்டம். பால் திரிந்தால் கோவா போச்சு என்று அன்றாடம் அறிந்த ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதே விபத்துதான் ஐரோப்பாவில் ஒரு விஞ்ஞானத்தையே பிறப்பித்தது. 1856இல் பிரான்சின் லீல் நகரத்தில், பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சிய ஒரு முதலாளி, தொட்டிகள் புளித்துப்போகின்றன என்று பாஸ்டரிடம் வந்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்டதில் குச்சி குச்சியாக வேறொன்று. கோபன்ஹேகனில் 1883இல் கார்ல்ஸ்பெர்க் பீர் கசந்து நாறியபோது, எமில் ஹான்சன் வேறொரு காரணத்தைக் கண்டார்: ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட் கலந்திருந்தது. ஒரே ஓர் அணுவைப் பிரித்தெடுத்து அதிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்தார்; ஆலை அதை மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது. அவர்களுக்குப் பானை கெட்டால் ஆய்வுக்கூடம். மாமாவுக்குப் பானை கெட்டால் எருக்குழி. காய்ச்சுவது குற்றமாக இருக்கிற இடத்தில் கைத்தொழில் தன் தவறுகளைப் பேசிக்கொள்ள முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகியது. அதற்குப் பிந்தைய வருஷங்களில்தான் எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் கண் போனது. ராத்திரி குடித்தார், மறுநாள் மத்தியானம், எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றார், சாயங்காலம் எதுவும் தெரியவில்லை. தெருவின் தீர்ப்பு உடனே வந்தது: ‘ஊறல் கெட்டுப் போயிருக்கும்.’ துக்கம் விசாரிக்க வந்திருந்த மாமா திண்ணையில் உட்கார்ந்தபடி என்னிடம் மட்டும் சொன்னார்: ‘பானை கெட்டா வயிறு கெடும்ப்பா. கண்ணு எதுக்குக் கெடுது?’

ரசாயனம் படித்திராத அந்த மனிதர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. எந்தத் தப்பான ஈஸ்ட்டும், எந்தக் காடிப் பாக்டீரியாவும் மனிதனைக் குருடாக்குகிற அளவுக்கு மெதனால் தராது. பழத்தோலின் பெக்டினிலிருந்து கொஞ்சம் வரும். வெல்ல ஊறலில் அதுவும் அநேகமாக இல்லை. கண்ணைப் பறிக்கும் மெதனால் தொழிற்சாலைச் சரக்கு. ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. ஆல்கஹாலோடு அதைச் சேர்க்கும் வழக்கம் ரகசியமாகக்கூடத் தொடங்கவில்லை: 1855இல் பிரிட்டன், வரியில்லாத தொழில் ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாதென்று, மரத்திலிருந்து வடித்த மெதனாலைக் கலக்கச் சட்டம் செய்தது. வருமானத்தைக் காக்க வைத்த விஷம் அது. நம்முடைய மதுவிலக்குக் காலத்தில் பிரெஞ்ச் பாலிஷைக் குடித்தவர்கள் குடித்தது ஏறக்குறைய இந்த வம்சத்தைத்தான்.

மே 2023இல் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, அது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலை மெதனால் என்று போலீஸ் தரப்பே சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேலே போய்விட்டார்கள், அங்கேயும் மெதனால். ஆனாலும் பத்திரிகைகளில் வழக்கமான சொல் ‘கள்ளச்சாராயம்’. அந்தச் சொல்லைப் படிக்கிறவன் மனத்தில் வருவது மண்பானையும் வேலம்பட்டையும்தானே தவிர, ரசாயன டிரம் அல்ல. காய்ச்சியவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். மாமாவின் சரக்கு எத்தனை குடும்பங்களின் கூலியைத் தின்றது என்று எனக்குத் தெரியும். எங்கள் அத்தை கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடந்ததும் தெரியும். ஆனால் பழியைத் தப்பான பானையின்மேல் ஏற்றினால் சரியான டிரம் தப்பித்துக்கொள்கிறது.

கண் போனவர் அதற்கப்புறமும் பல வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கடைசிவரை ஊறலைத்தான் சபித்தாள், மாமா கேட்கும்படியாக. அது தன் பானையல்ல என்று மாமா ஒரு நாளும் அவளிடம் சொல்லப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்.