தீர்ப்பு வந்தது, தண்ணீர் வந்ததா?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பை, இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லோரும் படிக்கிறார்கள். 'வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்' என்பது வழக்கின் பெயர். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் அரசு தடுக்க வேண்டும். இவை இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. நம் பாலாற்றில் கலந்த டேனரிக் கழிவால் வந்த வழக்கு அது. வேலூரின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பாலாற்றங்கரைச் சேரிக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நம் கேள்வி.

இந்த வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடிந்ததற்குக் காரணம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு. உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தை நாடுவதையே ஓர் அடிப்படை உரிமையாக்கிய பிரிவு அது. 1948 டிசம்பர் 9 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தப் பிரிவுதான் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்றார்.

அண்ணல் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்க அரசமைப்பில் நீதிமன்றம் சட்டங்களைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என வெளிப்படையாக ஒரு வரி கிடையாது. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் அந்த அதிகாரத்தை நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. நம் அரசமைப்பிலோ அது 13, 32 ஆகிய பிரிவுகளில் எழுத்தாகவே இருக்கிறது. பெரும்பான்மையின் ஆட்சி இங்கே சாதியின் ஆட்சியாக மாறிவிடக்கூடும் என்ற அச்சம் உள்ள நாட்டில் அது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் எழுத்து மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே அரசமைப்பைத் திருத்தினார்கள். தென் மாநிலங்கள் வரி கேட்டன, எழுத்தறிவுத் தேர்வு வைத்தன, அடித்து விரட்டின. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது நீடித்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதை எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று 1955இல் வந்த இரண்டாம் தீர்ப்பு சொல்லவில்லை. பத்தாண்டு கழித்தும் தென் மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தனிப் பள்ளியில்தான் இருந்தார்கள். மாண்ட்கோமரியில் பேருந்தைப் புறக்கணித்தவர்களும் செல்மாவில் அடி வாங்கி நடந்தவர்களும் இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்புகள் தாளோடு நின்றிருக்கும்.

இனி நம் ஊர்க் கணக்கு. வழக்குப் போட்டது 1991. தீர்ப்பு 1996. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தீர்ப்பே பதிவு செய்கிறது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அந்த ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒருவருக்கு 10,000 ரூபாய்கூட வராது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு கண்காணிக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்ட ஆண்டு பிறந்த பிள்ளைக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

1996 தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயர் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. அடுத்த ஆண்டே, தென் மாவட்டச் சாதிக் கலவரங்களைத் தொடர்ந்து எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு நீக்கியது. அண்ணலின் பெயரும் போனது. 2019இல் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். கழிவு மட்டும் எல்லை பார்க்காமல் ஓடுகிறது.

அந்த வழக்கின் 'குடிமக்கள்' யார் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. பட்டா இருப்பவர் தன் இழப்பைக் காட்ட முடியும். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துக் கூலி வாங்கியவர் எதைக் காட்டுவார்? நிலம் கெட்டபோது அவருக்கு வேலை போனது. வேலை தேடிப் போன இடமும் பல குடும்பங்களுக்கு அதே டேனரிதான். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுகிறவரும், அதே கழிவு இறங்கிய கிணற்றில் குடம் நிரப்புகிறவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதனால்தான் 'ஆலையை மூடு' என்று ஒற்றை வரியில் நாங்கள் பேசுவதில்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வேலையும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று மேல்தெருவை யாரும் கேட்பதில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள். கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் இருக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது, இறங்கச் சொல்வது நிற்கவில்லை.

அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மை. இந்த முரண்பாட்டோடு ஜனநாயகம் நெடுநாள் நிற்காது என்று 1949 நவம்பர் 25 அன்றே அண்ணல் எச்சரித்தார். பாலாற்றுப் படுகையில் அந்த முரண்பாட்டை நாக்கில் வைத்தே சொல்லிவிடலாம், உப்புக் கரிக்கும்.

எனவே செய்ய வேண்டியதைச் செய்வோம். உங்கள் ஊரில் இழப்பீடு யாருக்கு ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள். பட்டியலில் சேரிப் பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளுக்குக் கிராம சபை கூட வேண்டும் என்பது அரசின் விதி. அன்று பெண்களோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், அதைப் பதிவேட்டில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.