குடும்பச் சிக்கனமும் சேமிப்புக் கணக்கும்

குடும்பச் சிக்கனம் என்பது, வருமானம் கூடாத நிலையிலும் அன்றாடக் கொள்முதலில் வீணாகும் பணத்தைக் குறைத்து, மிஞ்சுவதை வட்டி தரும் இடத்தில் வைக்கும் வீட்டு நிர்வாக முறை. மளிகைக் கடை, ரேஷன் கடை, சந்தை, மருந்துக் கடை ஆகியவை இதன் ஒரு பாதி. வங்கிக் கணக்கும் அஞ்சலகக் கணக்கும் மறு பாதி. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டங்களும் விதிகளும் உண்டு. அவற்றில் பல, பொருள் வாங்குபவருக்கும் கணக்கு வைத்திருப்பவருக்கும் சாதகமாகவே எழுதப்பட்டவை. ஆனால் பொட்டலத்தின் பின்புறத்தையும் பாஸ்புக்கின் வரிகளையும் படிக்கிற வீட்டுக்குத்தான் அந்தச் சாதகம் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டு நடைமுறை இங்கே விளக்கப்படுகிறது.

பின்னணி

இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் தொடங்கியது. நாட்டின் முதல் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பாகக் கருதப்படும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் உருவானது. மாதச் சம்பளக்காரர்கள் ஒன்றுசேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து நியாய விலைக்குப் பங்கிட்டுக்கொள்வது அதன் நோக்கம். 1906இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகி, ஓய்வூதியக்காரர்கள் முதல் சிறு வணிகர்கள் வரை பலருடைய சேமிப்பு அழிந்தது. அந்த அடியின் நேரடி விளைவாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இந்த அமைப்புகளுக்கு வெளியேயும் ஒரு சேமிப்பு எப்போதும் இருந்துவந்தது. வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்து அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணம் பல வீடுகளின் பள்ளிக் கட்டணத்தையும் பிரசவச் செலவையும் தாங்கியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு வட்டி கிடைத்ததில்லை என்பதே அதன் ஒரே குறை.

பொட்டலமும் விலையும்

பொட்டலமிட்ட பொருள்களை 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். அதற்கு மேல் குளிரூட்டும் செலவு என்றோ ஜி.எஸ்.டி. என்றோ கடைக்காரர் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் செய்யலாம். எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்புதான். அந்த விலைக்கேதான் விற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பேரம் பேச இடமிருக்கிறது, மொத்தக் கடைகளில் நிறையவே இருக்கிறது.

எம்.ஆர்.பி.யைவிட முக்கியமானது அதன் அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகு விலை. நிகர எடை ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு எவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டால் கிலோவுக்கு எவ்வளவு என்றும் அச்சிட வேண்டும். திரவங்களுக்கும் இப்படியே மில்லி, லிட்டர் கணக்கு. எண்ணெய், பிஸ்கட், தேயிலை முதலியவற்றை இன்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த பழைய பட்டியல் நீக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக வந்த பாதுகாப்பு இது. பட்டியல் போனபின் ஒரே உயரமுள்ள இரண்டு எண்ணெய் பாக்கெட்டுகளில் வெவ்வேறு எடை இருப்பது சாதாரணமாகிவிட்டது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய்க்கும், பக்கத்திலேயே 800 கிராம் பாக்கெட் 138 ரூபாய்க்கும் இருந்தால், கண்ணுக்கு இரண்டாவதுதான் மலிவு. கிலோவுக்குக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 165 ரூபாய், இரண்டாவது 172 ரூபாய் 50 காசு. அலகு விலையிலோ 0.16, 0.17 என்ற அளவே தெரியும். ஒரு காசு வித்தியாசம்தானே என்று அதை ஒதுக்குவது தவறு. விலையை எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பார்த்தால் கிலோவுக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் தவறாகலாம். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் பரவலாக்கிய சாஷே முறை ஷாம்பு வணிகத்தையே மாற்றியது. இன்றும் பல பிராண்டுகளில் சாஷேயின் மில்லி விலை பாட்டில் விலையைவிடக் குறைவு. சாஷே வாங்குபவர் விவரம் தெரியாதவர் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவியும் பிளாஸ்டிக் குப்பை வேறு பிரச்சினை. அது உண்மையான பிரச்சினையும்கூட.

வரி விதி விலையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அரிசி மூட்டை நல்ல உதாரணம். 2022 ஜூலை 18 முதல், லேபிளுடன் பொட்டலமிட்ட அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் இல்லை. சில வாரங்களுக்குள் அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. 25 கிலோ அரிசியின் விலை 1,500 ரூபாய் என்றால் வரி மட்டும் 75 ரூபாய். அந்த 75 ரூபாய் 26 கிலோ சிப்பத்தில் கிடையாது. மூட்டை பிரித்து எடைபோட்டுத் தரும் அரிசிக்கும் வரி கிடையாது. மாதம் ஐந்து கிலோ மட்டும் சமைக்கும் சிறு குடும்பம் அழகான பையில் வாங்குவதைவிட அரிசிக் கடையில் சில்லறையாக வாங்குவதே நல்லது. வண்டு வைப்பதற்குள் அரிசியும் தீர்ந்துவிடும்.

ரேஷன், சந்தை, மருந்து

தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. வருமானம் பார்த்துக் குடும்பங்களை வெளியேற்றாத மாநிலம் இது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடையில் இரண்டுமே நூறு ரூபாயைத் தாண்டும். கௌரவம் பார்த்து அட்டையைப் பெட்டியில் பூட்டிவைப்பவர்கள் மாதம் நூற்றைம்பது ரூபாய் போல விட்டுக்கொடுக்கிறார்கள். வாங்காத பொருளை வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடுவதே முறைகேட்டுக்கு வசதியாகிப்போகிறது.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கும் இங்கு, அன்றைய விலையைச் சந்தை நிர்வாகம் பலகையில் எழுதிவைக்கும். மொத்த விலைக்கு மேலும் வெளிச் சில்லறை விலைக்குக் கீழும் அது அமையும். உழவர் சந்தைக்குப் போகாத நாளில்கூட அந்த விலையைத் தெரிந்துகொண்டால் தெருவில் வரும் வண்டிக்காரரிடம் நியாயமாகப் பேசலாம். காலை ஏழு மணிக் காயும் பதினொரு மணிக் காயும் ஒன்றல்ல. விடிகாலையில் போகிறவருக்கே நல்ல காய்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்கள் உள்ள வீட்டில் மளிகைக்கு அடுத்த செலவு மருந்துதான். ஒரே வேதிப்பொருள் வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலைக்கு விற்கிறது. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருத்துவரிடம் மூலப்பெயரை எழுதித் தரக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சேமிப்புக் கணக்கின் வட்டி

2010 ஏப்ரல் 1 முதல் வங்கிச் சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு நாள் இருப்பின் மீதும் வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன், மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் அந்தப் பழைய முறைதான் தொடர்கிறது. அங்கே வட்டி 4 சதவீதம், பெரிய வங்கிகளைவிட அதிகம். ஆனால் 11ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி இல்லை. 25ஆம் தேதி எடுத்து 29ஆம் தேதி திருப்பிப் போட்டால், எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி முழுவதும் போய்விடும். ஆகவே நகராமல் கிடக்கும் தொகைக்கு அஞ்சலகம் ஏற்றது. தினமும் போட்டு எடுக்கும் கணக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.

சேமிப்புக் கணக்கின் வட்டியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வங்கிகளிடமே விட்டது. அன்றைக்கு எல்லா வங்கியிலும் 4 சதவீதம். 2025 ஜூனில் பாரத ஸ்டேட் வங்கியின் வட்டி 2.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டு முழுவதும் இப்படிக் கிடந்தால் வட்டி 2,500 ரூபாய். அதே பணம் 6 சதவீத நிரந்தர வைப்பில் இருந்தால் 6,000 ரூபாய். சம்பளக் கணக்கில் லட்சக்கணக்கில் தேங்கவிடுவதுதான் நடுத்தரக் குடும்பங்களின் பெரிய இழப்பு. மளிகையில் ஓராண்டு முழுவதும் மிச்சம்பிடித்தது இந்த ஒரு கவனக்குறைவில் கரைந்துபோகலாம். இரண்டு மூன்று மாதச் செலவுக்கானதை மட்டும் சேமிப்புக் கணக்கில் வைத்து, மீதியைச் சிறு சிறு வைப்புகளாகப் பிரித்துப் போடுவது நல்லது. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி பாதிக்கப்படாது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய தொகையைத் தானாகவே வைப்பாக மாற்றும் ஸ்வீப் வசதி பல வங்கிகளில் உண்டு. பெரும்பாலும் அதை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

பிடித்தங்கள்

பாஸ்புக்கில் பத்து, இருபது, நூறு என்று கழியும் தொகைகளுக்குப் பல பெயர்கள்: குறைந்தபட்ச இருப்பு அபராதம், ஏ.டி.எம். அட்டையின் ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் கணக்குகளில் விழுந்தபோது, சில வங்கிகள் பழைய அபராதத்தை அதிலேயே கழித்துக்கொண்டன. மாநில அரசு தலையிட வேண்டியிருந்தது. அபராதத்தைப் பாரத ஸ்டேட் வங்கி 2020இலும் கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025இலும் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் அது நீடிக்கிறது. இருப்பு வைக்க இயலாதவர்களுக்காகவே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணமில்லை, மாதம் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். அந்த வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. எழுதிக் கொடுத்தால் பழைய கணக்கையே இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

மே மாத இறுதியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருந்தால் அவை பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் பிரீமியம். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பணம் பிடிக்கப்படுவது தெரியாமலேயே பலர் இதில் இருக்கிறார்கள். குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் இறப்புக்குப் பின் கேட்க ஆளிருக்காது.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வேறொருவரின் மோசடியால் பணம் போனால், வங்கி அறிவித்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு நட்டம் வரக் கூடாது என்பது 2017 முதல் விதி. ஓ.டி.பி. எண்ணை நாமே சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மோசடி நடந்தால் முதலில் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண்ணான 1930.

தவணையும் கடன் அட்டையும்

வட்டியில்லாத் தவணை என்று ஒன்றும் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. வட்டி பொருளின் விலையிலோ கட்டணத்திலோ ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். கடன் அட்டைப் பணத்தை முழுதாகக் கட்டுபவருக்கு அது நாற்பது நாள் போல வட்டியில்லாக் கடன். 20,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சமான 1,000 ரூபாயை மட்டும் கட்டுபவருக்கு, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், மீதிக்கு மாதம் 665 ரூபாய் வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஏறும். முழுத் தொகையும் கட்ட முடியாத வீட்டுக்குக் கடன் அட்டை வேண்டாம்.

காப்பீடும் வாரிசும்

வங்கி திவாலானால் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் இது ஒரு லட்சம். கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். நகைக் கடைச் சீட்டுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் இந்தக் காப்பீடு இல்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம்.

பத்தாண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைக் கொடுத்து அதைத் தேடலாம். பெற்றோரின் பழைய பாஸ்புக் வீட்டில் இருந்தால் இந்த வாரமே தேடிப் பாருங்கள். எத்தனை ஆண்டு கழிந்தாலும் உரிமை போய்விடாது. உரியவரோ வாரிசோ ஆவணத்துடன் கேட்டால் வங்கி அந்தப் பணத்தைத் தந்தாக வேண்டும்.