எவ்வளவு கிட்ட நின்றார்கள்? – லென்ஸின் வரலாறும் நம் லயத்து வரலாறும்



பரிசளிப்பு விழா என்றால் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். பரிசு வாங்கும் பிள்ளையை ஒரு படம், மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை ஒரு படம், கடைசியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம். அந்தப் படம் கைக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? "எங்க எம்புள்ள?" என்று தேடுவதுதான். முகம் தெளிவாக இருந்தால் மனம் நிறைகிறது. கடுகு போலத் தெரிந்தாலோ, "என்னப்பா, இவ்வளவு தூரத்துலேர்ந்து எடுத்திருக்கான்!" என்று குறைபட்டுக் கொள்கிறோம். கடுகாகத் தெரிவதற்கும் முகமாகத் தெரிவதற்கும் உள்ள வேற்றுமையின் வரலாற்றையே இங்கே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டிப் பிழைத்தவர். அவருடைய இளமைக்காலப் படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் உண்டு. அதுவும் ஆசைப்பட்டு எடுத்த படமன்று. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பிறகு, 12 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததல்லவா, அதற்காக எடுத்த படம். "வெள்ளத் துணியக் கட்டி, முக்காலியில ஒக்கார வச்சு, அசையாதேன்னான். மூச்சக்கூட விடல" என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். வாழ்நாள் உழைப்புக்குத் தபால்தலை அளவில் ஒரு முகம்! அவர் நின்ற பெரட்டுக் களம், பிள்ளையை விட்டுப் போன ஆயாக்கொட்டகை, விளக்கேற்றிய லயத்து வீடு ஆகிய எதற்கும் எங்களிடம் படம் இல்லை.

ஏன் இல்லை? ஏழ்மை ஒரு காரணம். கேமரா யார் கையில் இருந்தது, அதில் எந்த லென்ஸ் இருந்தது, அவர் எவ்வளவு கிட்ட வந்தார் என்பவையும் காரணங்களே.

லென்ஸ் பிறந்த கதை

1839-இல் பிரான்சு நாட்டு டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போதிருந்த லென்ஸ்கள் மிகவும் மந்தமானவை. வெளிச்சம் போதிய அளவு உள்ளே புகாததால், படம் பிடிக்கப்படுபவர் பல நிமிடம் சிலைபோல் இருக்க வேண்டியிருந்தது. 1840-இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த பெட்ஸ்வால் என்பவர், கணக்குப் போட்டே ஒரு புதிய லென்ஸை வகுத்தார். ஃபோக்ட்லேண்டர் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். அதன் திறப்பு எஃப் 3.6. பழைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை வாங்கியது. நடுவில் கூர்மை, ஓரங்களில் மங்கல். முகத்தை எடுக்க அதுவே போதுமானதாயிற்று. மனித முகத்துக்கென்றே வகுக்கப்பட்ட முதல் லென்ஸ் அது என்றால் மிகையாகாது.

நம் பக்கத்துக்குக் கேமரா வர அதிக நாள் ஆகவில்லை. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-இல் சிங்கப்பூர் வந்து ஸ்டூடியோ வைத்தார். பினாங்கிலும் தங்கிப் படம் எடுத்தார். அங்கே தமக்கு உதவியாக இரண்டு மதராஸ்காரர்களைப் பழக்கிப் படம் அச்சிட வைத்ததாக, பிற்காலத்தில் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். மலாயாவில் புகைப்படத் தொழில் காலூன்றிய நாளிலேயே நம்மவர் கை அதில் பட்டிருக்கிறது! ஆனால் அந்தக் கைகள் லென்ஸுக்குப் பின்னால் இருளில் வேலை செய்த கைகள்.

1907 வாக்கில் கிளைன்குரோத்தே என்ற ஜெர்மானியர் மலாயாவைப் பற்றிய பெரும் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அக்காலத்துக் கேமரா பெரிது, முக்காலி வேண்டும், கண்ணாடித் தகடு வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யார் லயத்துப் பக்கம் வருவார்? நான் பார்த்த பழைய தோட்டப் படங்கள் பலவற்றில், துரை பங்களாவின் தூண்கள் கூர்மையாகத் தெரியும். மரங்கள் அணிவகுத்து நிற்கும். வாளியோடு நிற்கும் மனிதர் மட்டும் மரத்தின் உயரத்தை அளந்து காட்ட வைத்த குச்சிபோல் இருப்பார். முகம் இராது.

கழற்றி மாட்டும் காலம்

1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற சின்னஞ்சிறு கேமரா அறிமுகமாயிற்று. சட்டைப்பைக்குள் அடங்கும் அதில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930-இல் லென்ஸைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டும் மாதிரி வந்தது. தொடக்கத்தில் ஒரு கேமராவுக்கென்று சரிபார்த்த லென்ஸை மற்றொன்றில் மாட்ட முடியாது. 1931-இல் அளவுகளை ஒழுங்குபடுத்திய பிறகே எந்த லென்ஸும் எந்த லைக்காவிலும் உட்கார்ந்தது. 1936-இல், லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணும் பார்க்கும்படி கண்ணாடி வைத்த 35 மி.மீ. கேமராவாகிய கினே எக்ஸாக்டா வந்தது.

அடுத்த திருப்பம் ஆசியாவில். 1950-இல் டோக்கியோவில் இருந்த அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஒரு ஜப்பானிய நண்பர் 85 மி.மீ. நிக்கோர் லென்ஸால் படம் பிடித்துக் காட்டினார். அதன் கூர்மையைக் கண்டு வியந்த டங்கன், தம் லைக்காவில் நிக்கோரை மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். ஜப்பானிய லென்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது. 1959-இல் நிக்கோன் எஃப் கேமரா வெளிவந்தது. அதே ஆண்டில்தான் 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸும் வந்தது.

ஜூம் வருவதற்கு முன் "பிரைம் லென்ஸ்" என்று தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை. எல்லா லென்ஸும் பிரைம்தான். அதாவது ஒரே குவிய தூரம் உடையதுதான். கிட்டப் பார்க்க வேண்டுமா, கிட்டப் போ. முழுதும் அடங்க வேண்டுமா, பின்னால் நகர். காலால்தான் ஜூம்! 1970-களில் இப்படிப்பட்ட கேமரா வாங்கியவர்களுக்கு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸே கூட வந்தது. கலியாணம், காதுகுத்து, பத்துமலைக் காவடி எல்லாம் அந்த 50-க்குள் அடங்கின.

எதைத் தேர்ந்தெடுப்பது?

"அதெல்லாம் சரி வாத்தியாரே, புள்ள கேமரா வேணுங்குது, எந்த லென்ஸ வாங்குறது?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் 28, 35, 50, 85, 135 என்பவை குவிய தூரங்கள். எண் சிறிதானால் பரந்த காட்சி. பெரிதானால் தூரத்துக் காட்சி பக்கத்தில் வரும். பழைய பிலிம் சட்டத்தின் அளவு 36-க்கு 24 மி.மீ. அதன் மூலைக்கு மூலை நீளம் ஏறத்தாழ 43 மி.மீ. அந்த அளவை ஒட்டிய லென்ஸ் காட்டுவது இயல்பான பார்வை. அதனால்தான் 50 மி.மீ. "சாதாரண லென்ஸ்" ஆயிற்று.

வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, அஞ்சடியில் நிற்கும் தாத்தாவைத் தலை முதல் பாதம் வரை எடுக்க, 28 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். 50-க்கு இரண்டரை மீட்டர். 135-க்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். அதாவது வாசலைத் தாண்டி எதிர் லயத்துக்கே போக வேண்டும்! மார்பளவு முகப்படம் என்றால் 85 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். மூக்கும் பெரிதாகத் தெரியாது. அகல லென்ஸால் முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு முன்னால் நிற்கும், காது ஓடிப்போகும். அது லென்ஸின் குற்றமன்று. நாம் மிகக் கிட்ட நின்றதன் விளைவு.

வெளிச்சத்தையும் பாருங்கள். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 2 திறப்பு, எஃப் 4-ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். கேமராவோடு மலிவாக வரும் ஜூம் லென்ஸ், நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடும். சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வாங்கும். விடியற்காலைப் பால்வெட்டு, விளக்கு வெளிச்சத்துக் கோயில் கும்பம், பத்துமலையில் 272 படி ஏறிய பின் வரும் குகை ஆகிய இடங்களில் இந்த வேற்றுமை கண்கூடு.

இக்காலக் கேமராக்களில் பல, பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறிய உணரி உடையவை. 1.5 மடங்குக் கணக்குள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸ்தான் பழைய 50 போலப் பார்க்கும். கேட்டு வாங்குங்கள். பழைய லென்ஸ் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்றைய கண்ணாடியில்லாக் கேமராக்களில் லென்ஸுக்கும் உணரிக்கும் இடைவெளி குறைவு. ஆகவே நடுவில் ஒரு வளையத்தை வைத்து, 50 ஆண்டுக்கு முந்தைய லென்ஸையும் மாட்டலாம். கையால் திருப்பித் தெளிவு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டு ஈரக்காற்று லென்ஸுக்கு எமன். தோல் உறையில் போட்டு அலமாரியில் மூடி வைத்தால், கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். பழைய லென்ஸ் வாங்கும்போது விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். உபயோகிக்கும் லென்ஸுக்குப் பூஞ்சை எளிதில் வராது.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், பழைய கணக்கில் 35 அல்லது 50. இரண்டில் ஒன்று போதும். வசதி வந்தபிறகு 85.

ஏன் இந்த அவசரம்?

பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழும்பியது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ரயில்வே தளம் இருந்த இடத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. வளர்ச்சி வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் லயம் போனால் லயத்தின் முகமும் போய்விடுகிறது. கித்தா மரம் வெட்டிய தழும்பு உள்ள கையையும், "எங்க காலத்துல" என்று தொடங்கும் வாயையும் இன்னும் எத்தனை நாள் பார்க்கப் போகிறோம்?

கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் முதன்மை லென்ஸும் ஒரே குவிய தூரம் உடைய அகல லென்ஸ்தான்! விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னே போனால், அதுவே நல்ல படம் தரும். விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

மாணவ மணிகளே! அடுத்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவர்கள் உட்காரும் இடத்திலேயே, சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். முகம் ஒன்று, கை ஒன்று, வீட்டோடு ஒன்று. அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். தாம்சனின் இரண்டு உதவியாளர்களை இன்றும் "மதராஸ்காரர்கள்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரில்லாப் படம் பாதிப் படமே.

என் பாட்டியை அப்படி எடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது பாட்டி இல்லை. அந்தத் தபால்தலை முகத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பெரிதாக்க ஆக்கப் புள்ளிகள்தாம் பெரிதாகின்றன. முகம் கிட்ட வரவில்லை.

நம்மைப் பிறர் தூரத்திலிருந்து எடுத்த படங்கள் போதும். இனி நம் பிள்ளைகள் கிட்டப் போய் எடுக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!