இரும்புக்கு அஞ்சும் இனம்

மாயமக்கள் வரலாறு – அத்தியாயம் 9

பாதிரியார் ராபர்ட் கிர்க்கின் லண்டன் வேலை முடிந்தது. ராபர்ட் பாயில் கொடுத்த பணத்தில் கேலிக் பைபிள் அச்சேறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நம்மை வாயு விதி படிக்கவைத்த அதே பாயில்தான்! கண்ணுக்குத் தெரியாததைக் காணும் ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் ‘இரண்டாம் பார்வை’ பற்றி 1678லேயே ஒரு பிரபுவை விசாரித்துக் குறிப்பெடுத்தவர் அவர்.

தன் ஊரான அபர்ஃபாயிலுக்குத் திரும்பிய கிர்க், 1691 வாக்கில் ‘ரகசியக் குடியரசு’ என்ற கையெழுத்துப் பிரதியில் இறங்கினார். பேய்க்கதை எழுதும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் இனம் இருப்பதைச் சாட்சியோடு நிறுவிவிட்டால், கடவுள் இல்லை என்பவர்களின் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. விசித்திரமான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்குதான் அவரை ஊரார் சொன்னதைத் திருத்தாமல், கேலி செய்யாமல் எழுதவைத்தது.

கிர்க் எழுதியபடி, மாயமக்கள் என்ற அந்த இனத்தார் மனிதருக்கும் தேவதூதருக்கும் இடைப்பட்டவர்கள். உடல் திரண்ட மேகம் போன்றது. அந்தியில்தான் நன்றாகத் தெரிவார்கள். அவர்களைப் பார்க்க வழி? இரண்டாம் பார்வை உள்ளவனின் பாதத்தின்கீழ் உங்கள் பாதத்தை வையுங்கள். அவன் கை உங்கள் தலையில் இருக்க, அவனுடைய வலது தோளுக்கு மேலாகப் பாருங்கள். இதையெல்லாம் செய்முறைக் குறிப்பு மாதிரி எழுதிவைத்திருக்கிறார் மனிதர்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாயமக்கள் வீடு மாற்றுவார்களாம். அந்தக் காலாண்டின் முதல் ஞாயிறன்று, பயிரையும் மாட்டையும் காத்துக்கொள்ள ஊரே தேவாலயத்துக்கு வந்துவிடும். அவர்களில் பலர் பிறகு அடுத்த காலாண்டு வரை அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். பிரசங்க மேடையில் நின்று தலைகளை எண்ணிப் பழகியவர் அல்லாமல் வேறு யார் இதைக் கவனித்திருக்கப் போகிறார்கள்?

இன்னொரு குறிப்பு. பிள்ளை பெறும் பெண்ணை மாயமக்கள் தூக்கிப் போய்விடாமலிருக்க அவள் படுக்கையில் இரும்புத்துண்டு வைப்பார்கள். பூமியில் உள்ள எதற்கும் அந்த இனம் இரும்புக்கு அஞ்சுவதுபோல் அஞ்சாது என்று எழுதியிருக்கிறார் கிர்க்.

1692 மே 14. வீட்டருகே மாயமக்களின் குன்று என்று ஊரார் ஒதுங்கிப்போகும் மேடு. அங்கே இரவு உடையோடு உலாவப் போன பாதிரியார் கீழே விழுந்தார், எழவில்லை. வயது 47. மனைவி அப்போது கர்ப்பிணி. அடக்கமும் முடிந்தது.

இதன்பின் நடந்ததாக ஊரார் சொன்னதைத்தான் வால்டர் ஸ்காட் 1830ல் தன் நூலில் ஏற்றினார். உறவினர் ஒருவர்முன் கிர்க் தோன்றினாராம்: “நான் சாகவில்லை. மயங்கி விழுந்த என்னை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். நம் உறவினன் டச்ரே கிரஹாமிடம் சொல். என் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று அந்த அறைக்கு வருவேன். கையிலிருக்கும் கத்தியை அவன் என் தலைக்கு மேலாக வீசினால் போதும், மீண்டுவிடுவேன். தவறினால் இனி வரவே மாட்டேன்.”

குழந்தை பிறந்தது. ஞானஸ்நான நாளும் வந்தது. அறை நிறைய உறவினர். கிரஹாமின் கையில் கத்தி. வாசல் பக்கம் திரும்பிய அவர் முகம் வெளிறியது. அடக்கம் செய்யப்பட்டவர் உள்ளே வந்துகொண்டிருந்தார்…

(அடுத்த வாரம்: கத்தி பறந்ததா?)