காட்டைப் பதிந்தவர் யார்?

வண்ணாத்திவில்லுக்கு வடக்கே கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. எங்கள் ஊர்ப் பெயரில் நிற்கும் 'வில்லு' என்பது மழைநீர் தேங்கும் ஆழமற்ற இயற்கைக் குளம். அத்தகைய வில்லுகள் ஏறத்தாழ 60 அக்காட்டினுள் உண்டு. அவற்றை நாடிவரும் சிறுத்தையையும் கரடியையும் கூழைக்கடாவையும் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. ஆனால் இவ்வுயிர்களை முதலில் எழுத்தில் பதிந்தவர் யார், எதன்பொருட்டுப் பதிந்தனர் என்ற வினாவை நம் வகுப்பறைகளில் அரிதாகவே கேட்கிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்ககாலக் கணக்கு, உயிரைப் பற்றியதன்று, சாவைப் பற்றியது. யானையொன்றைக் கொன்றால் சில ஷில்லிங் வெகுமதி என்று அரசு அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் 3,500 யானைகள் மாண்டன என எமர்சன் டெனன்ற் எழுதுகிறார். பயிரைக் காத்தல் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அறிவியலும் துப்பாக்கியோடுதான் வந்தது. 1852இல் இலங்கை விலங்குகளைத் தொகுத்தெழுதிய கெலார்ட் படை மருத்துவர். 1878 முதல் 1880 வரை பறவை நூலை வெளியிட்ட லெக் பீரங்கிப்படை அதிகாரி. சுட்டு வீழ்த்திய பறவையைக் கையிலேந்தியே இனம் கண்ட காலம் அது. அவர்களது உழைப்பை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஜி. எம். ஹென்றி தாமே தீட்டிய ஓவியங்களுடன் 1955இல் பறவைக் கையேட்டை வெளியிடுவதற்குள், உயிருள்ள பறவையை நின்று நோக்கும் பண்பு வேரூன்றிவிட்டது.

ஆனால் இவர்களுக்கு முன்னரே காட்டைப் படித்தவர்கள் இருந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் சோனகக் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர், யானையைச் சுருக்கிட்டுப் பிடிப்பதில் வல்லவர். பிறர் கண்ணுக்குப் புலப்படாத தடயத்தைக் கொண்டே யானை சென்ற வழியை அறியும் அவர்களது ஆற்றலை டெனன்றே வியக்கிறார். நசுங்கிய புல், மரத்திலே உரசிய சேறு, இலத்தியின் ஈரம், இவையெல்லாம் அவர்களுக்கு எழுத்துக்கள். இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, ஏட்டுக்குச் செல்லவில்லை. யானையின் நடை நூலேறியது. சுவடு காட்டியவரோ பெரும்பாலும் 'உள்ளூர் ஆள்' என்ற சொல்லுக்குள் மறைந்தார்.

1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரரும் கூடி வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் கண்டனர். சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே! துரை சுட்டால் விளையாட்டு, குடியானவன் சுட்டால் களவு என்னும் நீதி அக்காலத்தது. எனினும் அச்சங்கத்தின் முயற்சிகள் காடுகளைக் காத்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

பூங்கா என்றதும் மனிதரறியாக் காடு என்று எண்ணுவோர் உளர். பூங்காவின் எல்லைக்குள்ளேயே பொம்பரிப்பில் பண்டைய ஈமத்தாழிகள் கிடைத்தன. 1956இலும் 1970இலும் அங்கே அகழாய்வு நடந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே மனிதர் வாழ்ந்து, மாண்டோரைத் தாழியிலிட்டுப் புதைத்தனர்.

போர் இக்காட்டை மூடியது. 1988இல் அடைபட்ட பூங்கா 2003இல் திறந்தது. மீண்டும் அடைபட்டு 2010இல் திறந்தது. ஆனையிறவிலிருந்து தொடங்கும் பயணத்தை ஆங்கில நாவலாக்கி 2003இல் கிரேஷியன் பரிசு பெற்றவர் நிஹால் டி சில்வா. அதில் இராணுவ அதிகாரியொருவனும் புலிகள் இயக்கப் பெண்ணொருத்தியும் வில்பத்தினூடே நடக்கையில், பறவைகள்மீதுள்ள பொது ஆர்வத்தால் ஒருவரையொருவர் மனிதராகக் காணத் தொடங்குவர். அதை எழுதியவர் 2006 மே மாதத்தில் அதே வில்பத்தில் கண்ணிவெடியில் மாண்டார்.

காட்டுயிரைப் பதிவதற்குச் சிறுத்தைதான் வேண்டுமென்பதில்லை. கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை எண்ணச் செல்லும் மாணவனும், அங்கே விடியலில் குப்பை கூட்டும் தொழிலாளியைக் கேட்டுவிட்டு எண்ணட்டும்; அவை எப்போது திரும்புகின்றன என்பது அவருக்குத் தெரியும். எங்கள் மாணவர் வைத்திருக்கும் பதிவேட்டில் நாள், இடம், உயிரினம், தொகை ஆகியவற்றோடு 'முதலில் கண்டவர்' என ஒரு நிரலும் உண்டு. தேனெடுக்கும் தந்தையின் பெயரும் களப்பில் வலை வீசும் மாமனின் பெயரும் அதில் ஏறுகின்றன.