உல்லம் ஏறிய ஆறு

காவிரியின் வடிகாலான கொள்ளிடத்தில்தான், வங்காளிகள் இலிஷ் என்றும் ஆந்திரர்கள் புலசா என்றும் கொண்டாடும் உல்லம் மீன் கடலிலிருந்து ஏறி வந்தது.

உல்லம் வளர்வது கடலில், முட்டையிடுவது நன்னீரில். தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகி, கலங்கல் நீர் கடலைத் தொட்டதும் கூட்டமாக எதிரேறும். பெரிய பெண் மீனின் வயிற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருக்கும். ஏறக்குறைய ஒரே நாளில் குஞ்சு பொரிந்துவிடும். விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகள் ஆற்றோடு கடலுக்கு இறங்கி, ஓரிரு ஆண்டில் தாமும் ஆறு தேடி வரும். பசிபிக் சால்மன் போல இது முட்டையிட்டதும் சாவதில்லை. வெள்ளி உடல், ரம்பப் பல்லாக அடிவயிற்றுச் செதில், நெய் ஊறிய சதை, அதற்குள் எண்ணி மாளாத முள்.

1836-ல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தை மறித்து அணை கட்டினார். தஞ்சை வயல்கள் பிழைத்தன. ஏறி வந்த மீனோ அணைக்கரையில் முட்டி நின்று, கும்பலாக வலையில் விழுந்தது. இப்படிப்பட்ட அணைகளால் மீன்வளம் கெடும் என்று பின்னாளில் எச்சரித்தவர்களில் காட்டனும் ஒருவர் என்பது அவர்மேல் மரியாதையைக் கூட்டுகிறது. மதராஸ் படை மருத்துவர் பிரான்சிஸ் டே ஆறுகளை ஆராய்ந்து 1873-ல் அறிக்கை தந்தார். அணைகளில் மீன் ஏறப் படிகள் வைக்கும் யோசனை வந்தது. ஆனால் அது துள்ளித் தாவும் சால்மனுக்காக ஐரோப்பாவில் வகுத்த முறை. உல்லம் தாவாது.

1909-ல் மதராஸ் மீன்துறையின் எச்.சி. வில்சன் வேறு வழி பார்த்தார். கொள்ளிடத்தில் பிடித்த தாய் மீனின் வயிற்றை அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து கருவூட்டினார். நீரைவிட்டு எடுத்த சற்று நேரத்தில் செத்துவிடும் மீன் இது. எல்லாம் ஆற்றங்கரையிலேயே, அவசர அவசரமாக நடக்க வேண்டிய வேலை.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதன்பின் மீனைக் கூப்பிடும் ஆடி வெள்ளமே அளந்து விடும் தண்ணீராகிவிட்டது. கொள்ளிடத்து உல்லம் தேய்ந்தது.

கங்கையிலும் 1975-ல் பரக்கா தடுப்பணை இதையே செய்தது. அலகாபாத்தைத் தாண்டியும் ஏறிய மீன் கீழேயே நின்றுபோனது. அங்கே இப்போது உயிருள்ள இலிஷ் மீன்களை அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். இங்கேயும், மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் பாயும் ஆண்டுகளிலாவது, அணைக்கரை மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்கும்போது உல்லத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.